கடைசிப் பத்திக்கு முன்னால்

"என்னம்மா இது, வரி மேல வரி ஏறி உக்காந்திருக்கு?"

முதலாளி தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். பிறகு கை எட்டும் தூரத்துக்குத் தள்ளினார். மறுபடியும் கிட்டே இழுத்தார். தாளுக்கே தலை சுற்றியிருக்கும்.

"மூணாவது வரியைப் படிச்சு முடிச்சு நாலாவதுக்குப் போனா, திரும்ப மூணாவதே வந்து நிக்குது."

"நீங்க ரெண்டு தடவை படிச்சப்பவே கவனிச்சேன் ஐயா," என்றாள் நூலம்மா. "ஆனா கேக்க நல்லாத்தான் இருந்துது. அழுத்திச் சொல்ற மாதிரி."

"இதுல அழுத்திச் சொல்ல என்ன இருக்கு? 'அனைவருக்கும் வணக்கம், அமருங்கள்'னு ரெண்டு தடவை சொன்னா, முதல் தடவை உக்காந்தவன் எந்திரிச்சு மறுபடி உக்காருவானா?"

வீட்டில் வைத்த பெயர் வேறு. அச்சகத்தில் அவள் நூலம்மாதான். பக்கம் வடிவமைக்கும் பிரிவில் பன்னிரண்டு வருடம். "ஒரு நூல் இந்தப் பக்கம் தள்ளுங்க, ஒரு நூல் மேல ஏத்துங்க" என்று சொல்லிச் சொல்லியே வாங்கிய பெயர் அது. கதவில் ஒட்டும் அறிவிப்பிலிருந்து ஆயிரம் பக்க அகராதி வரை, எழுத்துக்கும் எழுத்துக்கும், வரிக்கும் வரிக்கும் நடுவே எவ்வளவு வெள்ளை விட வேண்டும் என்பதை வெறும் கண்ணாலேயே சொல்லிவிடுவாள். அளவுகோலை வைத்துச் சரிபார்த்தவர்கள், கடைசியில் அளவுகோலைத்தான் சந்தேகப்பட்டார்கள்.

அப்படிப்பட்டவள் வடிவமைத்த பக்கத்தில், அதுவும் இந்தப் பக்கத்தில், குறை.

இந்தப் பக்கம் சாதாரணப் பக்கம் இல்லை. சனிக்கிழமை அச்சகத்தின் ஆண்டு விழா. அதில் முதலாளி படிக்கப்போகும் உரை இது. வழக்கமாகத் தம் கையெழுத்திலேயே எழுதிப் படிப்பவர், இந்த முறை அச்சில் வேண்டும் என்று கேட்டிருந்தார். அதன் கடைசிப் பத்தி இரண்டே வரி: 'இன்றோடு நான் ஓய்வு பெறுகிறேன். இனி இந்த அச்சகத்தின் மேலாளராக இருக்கப்போகிறவர்...' என்று போய், நூலம்மாவின் முழுப் பெயர், தலைப்பெழுத்தோடு. மற்ற எழுத்துகளைவிட அதைத் தடிமனாகப் போடச் சொல்லிக் கை துடித்தது. கையைக் கட்டிக்கொண்டாள்.

"ஐயா, இதை இப்பவே எல்லார்கிட்டயும் சொல்லிட்டா என்ன?" என்று அந்தத் திங்கட்கிழமை காலையிலேயே கேட்டும் பார்த்திருந்தாள்.

"அறைக்குள்ள சொன்னா அது பேச்சு. சபையில சொன்னாத்தான் சொல்லு. அதுவரைக்கும் வெளியில மூச்சு விடக்கூடாது. நான் அந்த வரியைப் படிக்கணும், அவங்க கேக்கணும். அப்புறம்தான் நீ மேனேஜர்."

ஆகவே அவர் படித்தாக வேண்டும். கடைசி வரி வரைக்கும்.

"கோளாறு என்னன்னா ஐயா," என்றாள் நூலம்மா, வைத்தியர் நாடி பார்த்துச் சொல்வதுபோல. "எழுத்து உயரம் பதினாலு பாயிண்ட். வரிக்கு வரி பதினாறுதான் விட்டிருக்கு. நம்ம எழுத்துக்கு அது பத்தாது. மேல் வரியில 'பு' கீழ வாலை நீட்டும், கீழ் வரியில 'கி' மேல கொண்டையைத் தூக்கும். ரெண்டும் இடிச்சுக்கும். அப்புறம் கண்ணு வழி தவறிடும்."

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் அப்படிப் போட்ட?"

"நீங்கதானே ஒரே பக்கத்துல அடங்கணும்னீங்க?"

"அடங்கவும் அடங்கணும். தெரியவும் தெரியணும்."

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. நூலம்மா சிரித்துக்கொண்டாள். இதெல்லாம் அவளுக்கு ஒரு வேலையா? "நாளைக்குப் பாருங்க ஐயா. வரிக்கும் வரிக்கும் நடுவுல காத்து போகும்."

காற்று போனது. செவ்வாய்க்கிழமை வரிக்கு வரி இருபத்தெட்டு பாயிண்ட். நடுவில் ஒரு சைக்கிளே போகலாம்.

முதலாளி எழுந்து நின்று, ஒரு வரி படித்தார். நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். ஒரு வாய் தண்ணீர் குடித்தார். அடுத்த வரி படித்தார். ஜன்னல். தண்ணீர். ஆறு நிமிட உரை பதினேழு நிமிடம் ஆனது. கூஜா காலியானது. பக்கத்தின் அடிக்கு வந்ததும், "நன்றி, வணக்கம்" என்று தாளை மடித்துவிட்டார்.

"ஐயா, இன்னொரு பக்கம் இருக்கு."

"இன்னொரு பக்கமா?"

"இடம் விட்டதுல கடைசிப் பேரா அடுத்த பக்கத்துக்குப் போயிடுச்சு."

"மேடையில நின்னு யாரும்மா பக்கம் புரட்டிட்டிருப்பா? காத்தாடி வேற இருக்கும். பறந்துபோச்சுன்னா உன் மேனேஜர் வேலை ஜன்னல் வழியா போயிடும், பரவாயில்லையா?"

நூலம்மா எட்டி ஜன்னலைச் சாத்தினாள்.

"அதோட," என்றார் அவர், "ஒவ்வொரு வரியும் தனித்தனித் தீவா நிக்குது. ஒண்ணு முடிஞ்சதும் அடுத்ததுக்குப் படகு புடிக்க வேண்டியிருக்கு."

"உண்மைதான் ஐயா. அளவுக்கு மிஞ்சி விட்டாலும் தப்பு. வரிங்க ஒண்ணோட ஒண்ணு மெதுவாப் பேசிக்கணும், கூப்பிட்டுக் கத்தற தூரத்துல நிக்கக்கூடாது. எனக்கு இப்ப நோய் புரிஞ்சுபோச்சு."

புதன்கிழமை காலை, எழுத்தைப் பதினெட்டு பாயிண்டாக்கி, வரிக்கு வரி இருபத்துநாலு. ஒரே பக்கத்தில் அடங்க வேண்டுமே, அதற்காக எழுத்துகளைக் கொஞ்சம் நெருக்கி நிறுத்தினாள். பேருந்தில் 'உள்ளே போங்க, உள்ளே போங்க' என்பதுபோல.

"எறும்புச் சாரைம்மா இது," என்றார் முதலாளி. விரலை வைத்து நகர்த்தி நகர்த்திப் படித்தார். "எது 'ர', எது துணைக்கால்னு தெரியல. எல்லாம் தோளோட தோள் உரசிட்டு நிக்குது." பாதியில் விரல் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் எழுத்தைச் சின்னதாக்கி, எழுத்துகளை அகட்டினாள். இப்போது கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், துணைக்கால் ஒரு பக்கம். ஒரே குடும்பத்து ஆட்கள் மூன்று வீட்டில் குடியிருப்பதுபோல.

"தொ... ழி... லா... ள... ர்..." என்று படித்தார் முதலாளி. "என்னம்மா, உரை படிக்கறேனா, வருகைப்பதிவு எடுக்கறேனா?"

நூலம்மா அசரவில்லை. "தப்பு என்னோடதுதான் ஐயா. எழுத்துக்கு நடுவுல இருக்கற இடம், வார்த்தைக்கு நடுவுல இருக்கற இடத்தைவிட நல்லாக் குறைவா இருக்கணும். வீட்டு ஆளுங்க கிட்டக்க, விருந்தாளிங்க கொஞ்சம் தள்ளி. ரெண்டும் ஒண்ணாயிட்டா வீடும் இல்ல, விருந்தும் இல்ல."

"நல்லாத்தான் பேசற. படிக்கத்தான் முடியல."

அச்சுப்பொறி அருகே புரூஃப் பார்ப்பவர் நின்றிருந்தார். காதில் சிவப்புப் பேனா. கையில் சூடான தாள்.

"என்னம்மா, காலையிலேர்ந்து இதே பக்கம் நாலாவது தடவை வருது?"

நூலம்மா பாய்ந்து தாளைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "சோதனைங்க."

"எதுக்குச் சோதனை?"

"எனக்குத்தாங்க சோதனை," என்று சொல்லி இடத்தைவிட்டு நகர்ந்தாள்.

வீட்டில் சோதனை வேறு விதம். வெளியில் மூச்சு விடக்கூடாது என்றால், கணவன் வெளியா, உள்ளா? உள் என்று தீர்ப்பு வழங்கித் திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டிலேயே சொல்லிவிட்டாள். கணவனுக்கு அக்கா உள். அக்காவுக்கு அந்தத் தெருவே உள். புதன்கிழமை மாலை நாத்தனார் தொலைபேசியில் வந்தாள்.

"மேனேஜரம்மா இருக்காங்களா? பேச நேரம் ஒதுக்குவாங்களா?"

"அண்ணி, இன்னும் ஆகலை. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நான் யார்கிட்ட சொல்லப்போறேன்? பக்கத்து வீடு, எதிர் வீடு, துணி தைக்கற அம்மா, அவ்ளோதான். சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் உன்னைப் பாக்க வர்றாங்க. நாற்காலி இருக்குல்ல?"

போனை வைத்த நூலம்மா, பேருந்து ஓட்டுநரான கணவனை முறைத்தாள். அவர் உரையை எடுத்துக் குழாய் விளக்கடியில் பிடித்துக்கொண்டு பேச்சை மாற்றினார்.

"எழுத்தெல்லாம் சரியா இருக்கு. ஓரம்தான் கோணல். இடது பக்கம் நேரா நிக்குது, வலது பக்கம் ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு இடத்துல முடியுது. பாதை போட்டா ரெண்டு ஓரமும் நேரா இருக்க வேணாமா?"

அவள் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அவளுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு மனசு கொஞ்சம் தள்ளாடிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை இரண்டு ஓரமும் கத்தி வைத்து வெட்டியதுபோல நேர். அதற்காக வரிகளை இழுத்துப் பிடித்ததில், நீளமான சொற்களுக்கு நடுவே பள்ளம் பள்ளமாக வெள்ளை. முதலாளி ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி நின்றார்.

"நமது... அச்சகத்தின்... முன்னேற்றத்துக்காக..." நிறுத்தினார். "ரோடு குண்டும் குழியுமா இருக்கேம்மா. யார் போட்டது?"

"எங்க வீட்டுக்கா..." என்று வந்த வாயை அவள் விழுங்கினாள். "பொதுவா அப்படிப் போடறது உண்டு ஐயா. நீளமான வார்த்தைக்கு ஒத்துவராது. எடுத்துடறேன்."

"ஒரு யோசனை ஐயா," என்றாள் பிறகு, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு. "அந்தக் கடைசிப் பேராவை மேல, வணக்கத்துக்கு அடுத்தாப்ல கொண்டுவந்துட்டா? தெம்பா இருக்கும்போதே படிச்சுடலாம்."

முதலாளி முதுகை நிமிர்த்தினார். "வார்த்தைக்கு நான் பொறுப்பு. வெள்ளைக்கு நீ பொறுப்பு. அவங்கவங்க அவங்கவங்க வேலையைப் பாப்போம்."

அந்தச் சொல் அவளைக் குத்தியது. குத்தியதில் ரோஷம் வந்தது. ரோஷத்தில் கண் திறந்தது. அன்று முழுவதும் அவள் உரையை வாய்விட்டுப் படித்தாள். எங்கே மூச்சு நிற்கிறதோ அங்கே வரியை உடைத்தாள். ஒரு மூச்சுக்கு ஒரு வரி. வலது ஓரம் மேடும் பள்ளமுமாகப் போனால் போகட்டும். பதினாறு பாயிண்ட் எழுத்து, வரிக்கு வரி இருபத்துமூன்று, பக்க ஓரங்களில் கொஞ்சம் சுரண்டி எல்லாம் ஒரே பக்கம். கடைசிப் பத்திக்கு முன்னால் மட்டும் மரியாதைக்கு ஒரு முழு வரி இடம்.

வெள்ளிக்கிழமை காலை முதலாளி படித்தார். என்ன படிப்பு அது! தண்ணீர் இல்லை, ஜன்னல் இல்லை, விரல் இல்லை. நூலம்மாவின் கண் கலங்கியது. கடைசிப் பத்தி வந்தது. தாளை மடித்துவிட்டார்.

"ஐயா!"

"ஏம்மா?"

"இன்னும் ரெண்டு வரி!"

"அடடே. இவ்ளோ இடம் விட்டிருந்தா முடிஞ்சுபோச்சுன்னுதானே அர்த்தம்?"

பதினொரு மணிக்கு அந்த இடத்தை எடுத்துவிட்டுக் கொண்டுபோனாள். அவர் அதே இடத்தில் நின்றார். "இப்ப ஒட்டிக்கிச்சு. ஓய்வு பெறப்போறேன்னு சொல்றதுக்கு முன்னாடி மனுஷன் மூச்சு விட வேணாமா?"

மூன்று மணிக்குப் பாதி வரி இடம். "இது ரெண்டுங்கெட்டான். நிக்கச் சொல்றியா, போகச் சொல்றியா?"

நாலரைக்குக் கால் வரி. "சரியா இருக்கற மாதிரிதான் இருக்கு. ஆனா கண்ணு உறுத்துது."

ஐந்தரைக்கு அவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். "நீயே பாத்து ஒண்ணை வெச்சுடு. உன் கண்ணு மேல எனக்கு நம்பிக்கை இருக்கு."

அன்று மாலை கணவன் சமையலறையில் நின்று உரையைப் படித்துக்காட்டினார். ஆறே நிமிடம். ஒரு திக்கல் இல்லை. 'இன்றோடு நான் ஓய்வு பெறுகிறேன்' என்ற இடத்தில் அவர் குரல் அப்படியே குழைந்தது.

"உங்களை யாரும் ஓய்வு பெறச் சொல்லல."

"ஆசையா இருந்துது, சொல்லிப்பாத்தேன். இங்க பாரு, நிறுத்தம்னு பலகை இருந்தா வண்டி நிக்கும். பலகை இல்லன்னா போயிட்டே இருக்கும். அவருக்கு ரெண்டும் இல்லாம ஒரு சின்ன வேகத்தடை போடு. வேகம் குறையும், வண்டி நிக்காது."

நூலம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பதினைந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் சொன்ன முதல் உருப்படியான வார்த்தை. வேகத்தடை! கண்ணை மூடினாள். பக்கம் இமைக்குள் வந்து நின்றது. ஏழு பாயிண்ட். ஆறும் இல்லை, எட்டும் இல்லை. அதற்குப் பிறகு அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. எதிர் வீட்டிலிருந்து நாலு நாற்காலி இரவல் வாங்கி வைத்துவிட்டுத்தான் படுத்தாள்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு இயந்திரங்களை நிறுத்தினார்கள். இயந்திரக் கூடத்திலேயே மேடை. அச்சகத்து ஆட்கள் அறுபது பேரும் காகிதக் கட்டுகளின் மேலும் பெஞ்சுகளின் மேலும் உட்கார்ந்திருந்தார்கள். நூலம்மா புதுப் புடவையில் முதல் வரிசையில் இருந்தாள். மேடைக்கு ஏறத் தோதாக, வலது ஓரத்து நாற்காலி.

முதலாளி தாளைப் பிரித்தார். படித்தார்.

வரி வரியாக, மூச்சு மூச்சாக, அவள் வெட்டிவைத்த இடத்தில் வெட்டி, விட்டுவைத்த இடத்தில் விட்டு. பழைய நஷ்டத்தைச் சொன்னபோது கூடம் பெருமூச்சு விட்டது. புது இயந்திரத்தைச் சொன்னபோது கைதட்டியது. நூலம்மா உதட்டை அசைத்துக் கூடவே படித்துக்கொண்டு வந்தாள். இன்னும் மூன்று வரி. இரண்டு. ஒன்று.

வேகத்தடை.

முதலாளி தாளைப் பார்த்தார். கூடத்தைப் பார்த்தார். நிறுத்திவைத்த இயந்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"நம்ம அச்சகம் நல்லா இருக்கணும். எல்லாரும் நல்லா இருக்கணும். வணக்கம்!"

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார். கூடம் அதிரக் கைதட்டல். பாதி எழுந்த நூலம்மா, எழுந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று, தானும் நின்றுகொண்டே கைதட்டினாள்.

மேடையைவிட்டு இறங்கிய முதலாளி நேரே அவளிடம் வந்தார். முகத்தில் அத்தனை வருத்தம்.

"எல்லாம் பிரமாதம்மா. ஒரு இடத்துலகூடத் தடங்கல் இல்ல. அந்தக் கடைசி பேராவுக்கு முன்னாடிதான்... என்னமோ ஒரு நூல் சரியில்ல."

"கூடிப்போச்சா ஐயா, குறைஞ்சுபோச்சா?"

"அது உனக்குத்தானே தெரியும், நூலம்மா? பரவாயில்ல. அடுத்த வருஷம் கரெக்டா புடிச்சுடலாம்." அவள் தோளைத் தட்டிவிட்டு, சிற்றுண்டி மேசைப் பக்கம் துள்ளலாக நடந்தார்.

துணி தைக்கற அம்மா உட்பட அத்தனை பேரும் மாலையில் வந்து உட்காரப்போகும் நாற்காலிகள் நூலம்மாவின் கண்முன் வரிசை கட்டின. ஆனால் அடுத்த நிமிடமே கண்ணை மூடினாள். பக்கம் வந்து நின்றது. ஏழு கொஞ்சம் அதிகம்தான். ஆறரை! ஆறரை வைத்திருந்தால் நேரே போயிருப்பார். தன்னுடைய தப்புதான். கண்டுபிடித்தாயிற்று. இன்னும் ஒரு வருடம்தானே? தலையை நிமிர்த்திக்கொண்டு, ஆறரை, ஆறரை என்று முணுமுணுத்தபடி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

கூடத்தின் கடைசியில் இருந்த பெஞ்சில் மூன்று பேர் தேநீரோடு உட்கார்ந்திருந்தார்கள். புரூஃப் பார்ப்பவர், காகிதக் கிடங்குக்காரர், பைண்டிங் பெரியவர். முணுமுணுத்துக்கொண்டே கடக்கப் பார்த்தவளைப் பைண்டிங் பெரியவர் கைகாட்டி நிறுத்தினார். பக்கத்திலிருந்த இருவரையும் முழங்கையால் இடித்தார்.

"போன வருஷம் என்கிட்ட மடிப்பு சரியில்லன்னாரும்மா, அதுக்கு முந்தி இவர்கிட்ட கமா, அதுக்கும் முந்தி அவர்கிட்ட காகிதம் கண்ணைக் கூசுதுன்னாரு, ஏம்ப்பா, கொஞ்சம் நெருங்கி உக்காருங்க, இந்த வருஷத்து மேனேஜருக்கும் இடம் விடணும்ல?"